பின் டயர் உள் ஓரம் மட்டும் மொட்டை: கேம்பரா, டோவா? (மஸ்டாங், வேலூர்)

காட்பாடி_கூபே
03-05-2024, இரவு 9:40

2018 மஸ்டாங் ஜிடி, செகண்ட் ஹேண்ட். முன்னாடி 255/40 ஆர்19, பின்னாடி 275/40 ஆர்19. முந்தைய ஓனர் குட்டை ஸ்பிரிங் போட்டிருக்கார், சுமார் 25 மி.மீ. இறக்கம். நாலு டயரும் புதுசு போட்டு 11,000 கி.மீ. ஓடியிருக்கு. பின் இடது டயரை வெளியில நின்னு பார்த்தா நல்லா இருக்கு, குனிஞ்சு உள்ளே பார்த்தா மொட்டை. 5,000 கி.மீ.க்கு ஒருமுறை அலைன்மென்ட் தவறாம பண்றது. மெஷின் பிரிண்ட் எல்லாமே பச்சை, அதாவது அளவு எல்லைக்குள்ளே. கார் எந்தப் பக்கமும் இழுக்கலை.

டயர் பட்டன் (தரையைத் தொடுற ரப்பர் கட்டை) ஆழம் மி.மீ. கணக்கில் (உள் / நடு / வெளி):
முன் இடது 4.9 / 5.6 / 4.2
முன் வலது 5.0 / 5.6 / 4.4
பின் இடது 1.7 / 4.5 / 5.4
பின் வலது 3.1 / 4.7 / 5.2

கார் இறங்கினதால நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தோட மேல்பக்கம் உள்ளே சாயறது) கூடிப்போய் உள் ஓரத்தைத் தின்னுது. இதுதான் என் முடிவு. பின்னாடிக்கு அட்ஜஸ்டபிள் கேம்பர் ஆர்ம் வாங்கப் போறேன். எந்த பிராண்டு?

டோ_மாஸ்டர்
03-05-2024, இரவு 10:15

ஆர்ம் அப்புறம். பச்சைன்னு சொல்ற பிரிண்ட்ல பின் சக்கரத்துக்கு நம்பர் இருக்கா, கோடு போட்டிருக்கா?

காட்பாடி_கூபே
03-05-2024, இரவு 10:22

பின்பக்கக் கட்டம் காலி. முன் டோ (மேலிருந்து பார்த்தா சக்கரத்தோட மூக்கு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற கோணம்) ரெண்டு, முன் கேம்பர் ரெண்டு, அவ்வளவுதான்.

டோ_மாஸ்டர்
03-05-2024, இரவு 10:50

அப்போ தேயாத சக்கரத்துக்குத்தான் இத்தனை நாளா வைத்தியம் நடந்திருக்கு.

நம்ம ஊர்ல ரேம்ப் ஏறுற பத்து வண்டியில ஒன்பதுக்குப் பின்னாடி டார்ஷன் பீம், ரெண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற ஒரே கட்டை. அதுல திருப்ப எதுவும் கிடையாது, அதனால கைப்பழக்கத்துல முன்னாடி ரெண்டு மட்டும் பார்த்து இறக்கிடுவாங்க. உங்க வண்டிக்குப் பின்னாடி இண்டிபெண்டென்ட் சஸ்பென்ஷன், ஒவ்வொரு சக்கரமும் தனித்தனி. கேம்பரும் டோவும் கேம் போல்ட்டுல (மையம் விலகின வாஷர் வச்ச போல்ட்) திருப்பலாம். தலைகீழா, உங்க முன்பக்கத்துலதான் கம்பெனி கொடுத்த கேம்பர் அட்ஜஸ்ட்மென்ட் இல்லை, டோ மட்டும்தான்.

இப்போ ஒரு வேலை. வண்டி நிக்கட்டும், வெறும் கையால பின் டயர் பட்டனைக் குறுக்கே தடவுங்க. முதல்ல வெளியிலிருந்து உள்ளே, அப்புறம் உள்ளிருந்து வெளியே. எந்தப் பக்கம் வழவழ, எந்தப் பக்கம் ரம்பம்? டயருக்குள்ள இருக்கிற கம்பி வெளியே நீட்டிட்டு இருந்தா கையுறை போட்டுக்கங்க, விரலைக் கிழிச்சிடும்.

காட்பாடி_கூபே
04-05-2024, காலை 6:30

உள்ளிருந்து வெளியே போனா வழவழ. வெளியிலிருந்து உள்ளே வந்தா ரம்பம். இடது, வலது ரெண்டு பின் டயரும் அப்படித்தான். முன்னாடி ரெண்டு திசையிலும் வழவழதான்.

டோ_மாஸ்டர்
04-05-2024, காலை 7:05

டோ-அவுட். உள்ளே தடவி வழவழன்னா டோ-இன், வெளியே தடவி வழவழன்னா டோ-அவுட். கேம்பர் மட்டும் காரணமா இருந்தா ஓரம் சரிவா, வழவழப்பா இறங்கும், ரம்பம் வராது. கேம்பர் ஆர்ம் ஆர்டர் பண்ணியிருந்தா கேன்சல் பண்ணுங்க.

பாலாறு_பைபாஸ்
04-05-2024, காலை 11:20

காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் "கேம்பர்தான் டயரைத் தின்னும்" என்பது நாடு முழுக்க ஊறிப்போன நம்பிக்கை.

டோ-அவுட் என்றால் சக்கரத்தின் மூக்கு வெளியே பார்க்கிறது, ஆனால் கார் நேராகப் போகிறது. எனவே ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் இழுபடுகிறது. ஒவ்வொரு பட்டன் வரிசையிலும் உள் விளிம்பு மழுங்கும், வெளி விளிம்பு கூராகும். கையில் தட்டுப்படும் ரம்பம் அதுதான்.

கணக்கு எளிது. ஒரு சக்கரம் 0.15 டிகிரி விலகி நின்றால், ஒரு கிலோமீட்டருக்கு 2.6 மீட்டர் பக்கவாட்டு இழுப்பு. 11,000 கி.மீ.க்கு ஏறத்தாழ 29 கி.மீ. வேலூரிலிருந்து வாலாஜா வரைக்கும் டயரைக் குறுக்கே இழுத்துக்கொண்டு போனதற்குச் சமம்.

மைனஸ் 2 டிகிரி கேம்பர், டோ சரியாக இருக்கும்போது, உள் ஓரத்தைச் சற்று வேகமாகத் தேய்க்கும், அவ்வளவே. அதே கேம்பரோடு டோ-அவுட் சேர்ந்தால் எடை முழுக்க உள் ஓரத்தில் சாய்ந்திருக்க, இழுபடுவதும் அந்த ஓரமே. எந்த இடம் தேய வேண்டும் என்பதைக் கேம்பர் முடிவு செய்கிறது, எவ்வளவு வேகமாக என்பதை டோ.

ஆம்பூர்_ஆக்ஸில்
04-05-2024, மதியம் 1:10

வாலாஜா வரைக்கும் குறுக்கே போனாலும் சுங்கச்சாவடியில விடுவாங்களா தெரியலை.

ஒரு சந்தேகம். 29 கி.மீ. முழுசும் உரசல்னா 11,000 என்ன, 500 கி.மீ.லயே டயர் காலியாகியிருக்கணுமே?

பாலாறு_பைபாஸ்
04-05-2024, மதியம் 2:00

சரியான பிடி. அந்த 2.6 மீட்டரில் பெரும்பகுதியை ரப்பர் வளைந்து ஏற்றுக்கொள்கிறது. டயர் தரையைத் தொட்டு நிற்கும் நீளத்தின் கடைசிப் பகுதியில், பிடி விடும் நேரத்தில்தான் உண்மையான வழுக்கல். அதனால் 29 என்பது தேய்ப்பு தூரம் இல்லை, இழுப்பு தூரம். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

காட்பாடி_கூபே
06-05-2024, இரவு 8:15

நாலு சக்கரமும் பார்க்கிற 3டி மெஷின்ல ஏத்தியாச்சு. ரேம்ப்ல ஏறும்போது முன் பம்பரோட கீழ் உதடு இடிக்குது, ரெண்டு பலகை அடியில கொடுத்துத்தான் ஏத்த முடிஞ்சுது. எதையும் திருப்ப வேண்டாம், அளவு மட்டும் போதும்னு சொல்லிட்டேன். பின்பக்கம்:

கேம்பர் இடது −2.24, வலது −1.36
டோ இடது −0.20, வலது +0.02
மொத்த டோ −0.18
திரஸ்ட் −0.11

இடது டோ சிவப்பு, மொத்த டோ சிவப்பு. ஆனா 0.20 டிகிரி ரொம்பக் கம்மிதானே?

டோ_மாஸ்டர்
06-05-2024, இரவு 8:40

பிரிண்டை நல்லாப் பாருங்க. 0.20ன்னு புள்ளி வச்சிருக்கா, 0°20'ன்னு மேலே சின்னக் கோடு வச்சிருக்கா?

காட்பாடி_கூபே
06-05-2024, இரவு 8:44

சின்னக் கோடுதான். 0°20'.

டோ_மாஸ்டர்
06-05-2024, இரவு 9:00

அது நிமிஷம். 60 நிமிஷம் சேர்ந்தா ஒரு டிகிரி. 20 நிமிஷம்னா 0.33 டிகிரி. கேம்பர் −2°24'ன்னா −2.4 டிகிரி, 2.24 இல்லை. ஒரு கடையில டெசிமல் செட்டிங், பக்கத்துக் கடையில நிமிஷம் செட்டிங். பழைய பிரிண்டையும் புது பிரிண்டையும் ஒப்பிடுறவங்க பாதிப்பேர் இதுலதான் குழம்புறாங்க. சிலர் மி.மீ.ல வேற கேட்பாங்க.

இடது சக்கரம் 20 நிமிஷம் வெளியே, வலது கிட்டத்தட்ட நேரு. இடது டயர் ஏன் அதிகமாத் தேஞ்சதுன்னு இதுலயே விடை இருக்கு.

பாலாறு_பைபாஸ்
06-05-2024, இரவு 10:30

மாஸ்டர், கடைசி வரியை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

பின் சக்கரங்கள்தான் காரின் போக்கை முடிவு செய்கின்றன. இடது −20', வலது +2' என்றால் கார் தன் நடுக்கோட்டில் போகாது, இரண்டு சக்கரமும் சேர்ந்து காட்டும் கோட்டில் போகும். அதுதான் திரஸ்ட்: இடதிலிருந்து வலதைக் கழித்துப் பாதி, (−20 − 2) / 2 = −11'. கார் 11 நிமிடம் இடப்பக்கம் பார்த்த கோட்டில், வால் சற்று இடதுபுறம் ஒதுங்கிய மாதிரி ஓடுகிறது. அந்தக் கோட்டிலிருந்து பார்த்தால் இடது சக்கரம் 9' வெளியே, வலது சக்கரமும் 9' வெளியே. அதாவது மொத்த டோவின் பாதி, இரண்டுக்கும் சமம்.

வலது சக்கரம் +2' என்று பச்சையாகக் காட்டினாலும் சாலையில் அதுவும் டோ-அவுட்டில்தான் உருள்கிறது. இரண்டு டயரிலும் ஒரே திசையில் ரம்பம் வந்தது அதனால்தான். டயரைத் தின்பது மொத்த டோ. திரஸ்ட் கோணம் ஸ்டியரிங்கைக் கோணலாக்கும், டயரை நேரடியாகத் தின்னாது.

இடது அதிகம் தேய்ந்ததற்குக் காரணம் கேம்பர் வித்தியாசம்: −2°24' எதிராக −1°36'. ஒரே அளவு இழுப்பு, இடதில் குறுகிய ஓரத்தில் குவிந்திருக்கிறது. போதாததற்கு நம் சாலைகள் தண்ணீர் வடிய இடப்பக்கம் சரிந்தவை, இடது டயர்களுக்குச் சற்றுக் கூடுதல் சுமை.

ஆக, கூபே சொன்ன கேம்பரும் பாதி உண்மைதான்.

டோ_மாஸ்டர்
06-05-2024, இரவு 10:55

கணக்கு சரியா வருது. வலது டயர் ரம்பத்துக்கு வேற விளக்கம் கிடையாது.

ஆனா நம்ம வேலைக்கு வேண்டியது ஒண்ணு இருக்கு. முன்னாடி மட்டும் அலைன்மென்ட் பண்ற கடையில ஸ்டியரிங்கை நேரா பூட்டி, காரோட நடுக்கோட்டை வச்சு முன் டோ செட் பண்ணுவாங்க. ரோட்டுல இறங்கினதும் திரஸ்டுக்கு ஈடு கட்ட ஸ்டியரிங் இடப்பக்கம் சாய்ஞ்சு நிக்கும். கஸ்டமர் திரும்பி வருவார். ஒரு டை ராடை (ஸ்டியரிங்கை முன் சக்கரத்தோட இணைக்கிற கம்பி) நீட்டி, இன்னொண்ணைக் குறைச்சு, ஸ்டியரிங்கை நேராக்கி அனுப்பிடுவாங்க. வியாதி மறைஞ்சிடும். பின் டயர் தேஞ்சுகிட்டே இருக்கும்.

கூபே, ஸ்டியரிங் கோணலா இருந்து நேராக்கினாங்களா?

காட்பாடி_கூபே
07-05-2024, காலை 7:20

ஆமா, ஒவ்வொரு தடவையும். ஆனா இழுப்பு எதுவும் தெரியலையே?

பாலாறு_பைபாஸ்
07-05-2024, காலை 8:00

இது எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங். சாலைச் சரிவால், காற்றால் வரும் லேசான இழுப்பை மோட்டாரே எதிர்த்துப் பிடித்து மறைத்துவிடும் வசதியை ஃபோர்டு இதில் வைத்திருக்கிறது. "கையை விட்டேன், நேராகப் போச்சு" என்பது இந்த மாதிரி கார்களில் சோதனையே இல்லை. பட்டன் ஆழ அளவுகோல் வாங்கி மூன்று இடத்தில் அளப்பது மேல்.

ரசமட்டம்
07-05-2024, இரவு 9:30

மெஷின் இல்லாம வீட்டுலயே பின் டோ பார்க்கலாம். கூபேக்கு மட்டுமில்ல, இதே பிரச்சினையோட வேற கார் வச்சிருக்கிறவங்களுக்கும் சேர்த்து எழுதுறேன்.

தேவை: நாலு ஸ்டாண்டு, தூண்டில் நரம்பு, மி.மீ. ஸ்கேல், கொத்தனார் வச்சிருக்கிற தண்ணி டியூப். சமதரை முக்கியம். நாலு சக்கரமும் நிக்கிற இடத்தை டியூப்ல மட்டம் பாருங்க, தாழ்ந்த இடத்துக்கு டைல்ஸ் துண்டு வைங்க. காத்து சரியா இருக்கணும். ஸ்டியரிங் நேரா பூட்டணும். காரை நாலடி பின்னாடி தள்ளி, திரும்ப முன்னாடி தள்ளி நிறுத்துங்க, பிரேக் போடாம கட்டை வைங்க. நாலு மூலையையும் ரெண்டு தடவை அமுக்கி விடுங்க. ஜாக்கி போட்டு இறக்கின உடனே அளந்தா தப்பு வரும், டயர் உள்ளே மடங்கி நிக்கும்.

ரெண்டு பக்கமும் சக்கர நடு உயரத்துல நரம்பு கட்டுங்க. முன் டிராக்கும் பின் டிராக்கும் (இடது, வலது சக்கரத்துக்கு நடுவுல உள்ள தூரம்) ஒரே அகலம் இல்லை, அதனால டயரைத் தொட்ட மாதிரி நரம்பு கட்டினா பொய் சொல்லும். ரெண்டு நரம்புக்கும் நடுவுல உள்ள தூரம் கார் முன்னாடியும் பின்னாடியும் ஒண்ணா இருக்கணும். முன் ஹப் நடுவிலிருந்து நரம்பு வரை இடதும் வலதும் ஒண்ணா இருக்கணும். பின் ஹப்புக்கும் அதே மாதிரி. இது செட் ஆகத்தான் நேரம் பிடிக்கும், மீதி சுலபம்.

அப்புறம் ரிம்மோட முன் விளிம்பிலிருந்து நரம்பு எவ்வளவு, பின் விளிம்பிலிருந்து எவ்வளவு. முன் விளிம்பு தூரம் அதிகம்னா டோ-இன், குறைவுன்னா டோ-அவுட். வித்தியாசத்தை ரிம் விட்டத்தால வகுத்து 57.3ஆல பெருக்கினா டிகிரி. 19 அங்குலம்னா 483 மி.மீ.

பாலாறு_பைபாஸ்
07-05-2024, இரவு 10:05

ஒரு திருத்தம். 19 அங்குலம் என்பது டயர் பீட் (டயரின் உள் விளிம்பு) உட்காரும் இடத்தின் விட்டம். நீங்கள் ஸ்கேல் வைப்பது அதற்கு வெளியே எழும்பி நிற்கும் விளிம்பில். பக்கத்துக்குச் சுமார் 17.5 மி.மீ. கூடும், ஆக 518 மி.மீ. அருகில் வரும். ரிம்மை டேப்பில் அளந்துவிடுவது நல்லது. 518க்கு 1 மி.மீ. வித்தியாசம் என்றால் 0.11 டிகிரி, கிட்டத்தட்ட 6.6 நிமிடம். அரை மி.மீ. பிழை வந்தாலே 3 நிமிடம் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

"டோ 2 மி.மீ. வை" என்று யாராவது சொன்னால் எந்த விட்டத்தில் என்று கேளுங்கள். ரிம் விளிம்பில் 2 மி.மீ. வேறு, முன் டயரின் 687 மி.மீ. வெளிவிட்டத்தில் 2 மி.மீ. வேறு.

ரசமட்டம்
07-05-2024, இரவு 10:20

518 போட்டுக்குங்க. கேம்பருக்கும் அதே விட்டம்தான்: தூக்குநூல் விட்டு ரிம் மேல் விளிம்பு, கீழ் விளிம்பு வித்தியாசம் 9 மி.மீ.ன்னா ஒரு டிகிரி. திருப்பிப் பார்க்கணும்னா சக்கரத்துக்கு அடியில ரெண்டு வழவழ டைல்ஸ், நடுவுல கிரீஸ். இல்லாட்டி டயர் தரையைப் பிடிச்சுகிட்டு, திருப்பினது அளவுல தெரியாது.

டோ_மாஸ்டர்
08-05-2024, காலை 6:50

கூபேக்கு அடுத்த கேள்வி: இடது பின் சக்கரம் மட்டும் ஏன் 20 நிமிஷம் வெளியே போச்சு?

ஸ்பிரிங் குட்டையானா கேம்பர் மைனஸ் பக்கம் போகும், அது ரெண்டு பக்கமும் ஒரே அளவு போகும். டோவைப் பொறுத்தவரை பெரும்பாலான மல்டி-லிங்க் பின் சஸ்பென்ஷன், அமுங்கினா டோ-இன் பக்கம் போற மாதிரிதான் கட்டுவாங்க, வால் நிலையா இருக்கணும்னு. அதனால இறக்கம் மட்டும் டோ-அவுட்டுக்குக் காரணம்னு எனக்குத் தோணலை. ஒரு பக்கம் மட்டும் போயிருக்குன்னா மூணுல ஒண்ணு: கேம் போல்ட் நழுவியிருக்கு, லிங்க் (சக்கரத்தைப் பிடிக்கிற தண்டு) வளைஞ்சிருக்கு, இல்ல புஷ் (லிங்க் முனையில இருக்கிற ரப்பர் இணைப்பு) போயிருக்கு.

இதைப் பார்க்காம டோ திருப்பினா பிரிண்ட் பச்சையாகும், முதல் பள்ளத்துல திரும்பப் போயிடும். ரேம்ப்ல நிக்கும்போதே பாருங்க:

கேம் வாஷர்ல கோடு இருக்கும், இடதும் வலதும் எத்தனாவது கோட்டுல நிக்குது, போட்டோ எடுங்க. போல்ட் தலையைச் சுத்தி துருவுல புதுசா தேய்ஞ்ச வளையம் தெரிஞ்சா நழுவியிருக்கு.

சக்கரத்தைத் தூக்கி 3 மணி, 9 மணி இடத்துல பிடிச்சு ஆட்டுங்க. அப்புறம் 12, 6. ஆட்டம் இருந்தா ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்க. மிதிச்சதும் ஆட்டம் நின்னா பேரிங். நிக்கலைன்னா புஷ், இல்ல ஜாயின்ட்.

புஷ்ஷைக் கையால ஆட்டினா தெரியாது. டயர் லீவரை ஆர்முக்கும் சப்-ஃபிரேமுக்கும் (ஆர்ம் எல்லாம் மாட்டியிருக்கிற இரும்புச் சட்டம்) நடுவுல கொடுத்து மெதுவா நெம்புங்க. ரப்பர் கிழிஞ்ச இடம் வாய் திறக்கும்.

காட்பாடி_கூபே
11-05-2024, மாலை 5:30

கண்டுபிடிச்சாச்சு. இடது டோ லிங்க் உள்பக்க புஷ், ரப்பர் பாதி சுற்று கிழிஞ்சிருக்கு. வலது பக்கம் கிழியலை, ஆனா ரப்பர் முறுக்கின மாதிரி நிக்குது. கேம்பர் கேம் இடது பக்கம் உள் கடைசிக் கோட்டுல இருக்கு, வலது நடுவுல.

டோ_மாஸ்டர்
11-05-2024, மாலை 6:10

முறுக்கி நிக்குதுன்னா கதை முழுசும் தெரிஞ்சுபோச்சு. ஸ்பிரிங் மாத்தும்போது சக்கரம் தொங்கிட்டு இருக்க, அப்படியே போல்ட்டை இறுக்கியிருக்காங்க.

இந்த புஷ்ல நடுக்குழாய் போல்ட்டோட சேர்ந்து அசையாம நிக்கும், வெளிக்குழாய் ஆர்மோட போகும், நடுவுல ரப்பர் ஒட்டியிருக்கும். சுத்துறதுக்குத் தனியா இடமே கிடையாது, ரப்பர் முறுங்கித்தான் கொடுக்கணும். தொங்கும்போது இறுக்கினா, தரையில இறக்கினதும் ரப்பர் எப்பவும் முறுங்கின நிலையிலதான் இருக்கும். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் இன்னும் முறுங்கும். வேலூர்ல ஸ்பீடு பிரேக்கருக்குப் பஞ்சமா? சீக்கிரமே கிழியும்.

புது லிங்க் போடும்போது: வண்டியைத் தூக்கறதுக்கு முன்னாடி ஹப் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை எத்தனை மி.மீ.ன்னு நாலு பக்கமும் எழுதி வைங்க. லிங்கை மாட்டி போல்ட்டைக் கையால மட்டும் வைங்க. ஜாக்கியை ஹப் கீழே கொடுத்து அதே மி.மீ. வர்ற வரைக்கும் தூக்குங்க, ஸ்டாண்டுல இருந்து வண்டி எழும்பாம கவனம். அந்த உயரத்துல டார்க் ரெஞ்ச் போடுங்க. சக்கரத்தோட நிக்கிற நாலு தூண் லிஃப்ட் கிடைச்சா இன்னும் நல்லது. கிழியாத வலது பக்க போல்ட்டையும், மத்த ஆர்ம் போல்ட்டையும் இதே மாதிரி தளர்த்தி, உயரத்துல வச்சு மறுபடி இறுக்குங்க. இறுக்கு அளவு மேனுவல்ல போல்ட்டுக்கு ஒண்ணா இருக்கும், ஒரே நம்பரை எல்லாத்துக்கும் போடாதீங்க.

கம்பெனி லிங்க் வர நாளாகும், ஃபோர்டு 2021ல இங்கே தயாரிப்பை நிறுத்தறதா அறிவிச்சதிலிருந்து மஸ்டாங் சாமானுக்குக் காத்திருக்கணும். அதுவரைக்கும் அந்த டயர்ல ஹைவே வேண்டாம். 1.7ன்னா தேய்மானக் குறி 1.6ஐத் தொட்டாச்சு.

ஆம்பூர்_ஆக்ஸில்
11-05-2024, இரவு 8:00

அந்த இடது டயரை ரிம்மிலிருந்து கழட்டி, உள்பக்கத்தை வெளிப்பக்கமாத் திருப்பிப் போட்டா இன்னும் கொஞ்சம் ஓட்டலாமே? மினி லாரிக்கெல்லாம் பண்றாங்க.

பாலாறு_பைபாஸ்
11-05-2024, இரவு 8:35

டயர் வகையைப் பொறுத்தது. பக்கவாட்டில் "அவுட்சைடு" என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கம் வெளியேதான் இருக்க வேண்டும், திருப்ப முடியாது. இந்த வகை ஸ்போர்ட்ஸ் டயர்கள் பெரும்பாலும் அப்படித்தான். அம்புக்குறி போட்ட திசை டயராக இருந்தால் இடது டயரைக் கழற்றி வலது ரிம்மில் போடலாம், சுழலும் திசையும் மாறாது, உள் ஓரம் வெளியே வந்துவிடும். முன்பின் மாற்றுவது இந்தக் காரில் கிடையாது, அளவே வேறு.

எப்படியிருந்தாலும் 1.7ல் திருப்புவது வேண்டாம். அதெல்லாம் 4 மி.மீ. இருக்கும்போது யோசிக்க வேண்டியது. பின் டயரை ஜோடியாகவே மாற்ற வேண்டும், நடுவில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் (இரண்டு பின் சக்கரங்களின் வேக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) இருக்கிறது, இடது வலது விட்டம் வேறாக இருந்தால் அது ஓய்வில்லாமல் வேலை செய்யும்.

ரசமட்டம்
12-05-2024, காலை 7:45

எல்லாரும் பின்னாடியே பார்த்துட்டு இருக்கோம். முன் டயர் 4.9 / 5.6 / 4.2. நடு நல்லா இருக்கு, ரெண்டு ஓரமும் தேஞ்சிருக்கு. காத்து கம்மி. இல்லையா?

டோ_மாஸ்டர்
12-05-2024, காலை 8:20

பாதி காத்து. ரம்பம் இல்லைன்னு ஏற்கெனவே சொல்லிட்டார், அதனால டோ-இன்னும் இல்லை. ஆனா வெளி ஓரம் உள் ஓரத்தை விட 0.7 குறைவு. அது வளைவுல தேஞ்சது. கூபே, ஏலகிரி போற பழக்கம் உண்டா?

காட்பாடி_கூபே
12-05-2024, காலை 8:25

ஞாயித்துக்கிழமையானா அங்கேதான்.

டோ_மாஸ்டர்
12-05-2024, காலை 8:50

14 கொண்டை ஊசி. புலவர், வள்ளல் பேரெல்லாம் வச்ச வளைவுல டயரைக் காணிக்கையாக் கொடுக்கிறீங்க. வளைவுல வண்டி சாயும், வெளிப்பக்கச் சக்கரம் நிமிர்ந்து, வெளி ஓரம் தரையில அழுந்தும். முன்னாடி நெகட்டிவ் கேம்பர் குறைவா இருந்தா இன்னும் மோசம். பின்னாடி கேம்பர் அதிகம், முன்னாடி போதலை, இதுதான் உங்க வண்டி.

முன்னாடி ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) கீழ் போல்ட்டுக்குப் பதிலா கேம்பர் போல்ட் போட்டா கொஞ்சம் கிடைக்கும். மலை ஏறுறவங்களுக்கு மைனஸ் 1 டிகிரி பக்கத்துல வச்சா ரெண்டு ஓரமும் சேர்ந்து தேயும். போல்ட் மெலிசு, சரியான டார்க்ல இறுக்கலைன்னா நழுவும்.

பாலாறு_பைபாஸ்
12-05-2024, மதியம் 12:10

முன் இடது வெளி ஓரம் 4.2, வலது 4.4. இந்த 0.2க்கும் காரணம் உண்டு. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். ரவுண்டானாவைச் சுற்றுவது, யூ-டர்ன் போடுவது எல்லாம் வலப்பக்கத் திருப்பம். கிரீன் சர்க்கிளைச் சுற்றும் ஒவ்வொரு முறையும் சுமை இடது முன் டயரின் வெளி ஓரத்தில். ஊருக்குள் மட்டும் ஓடும் கார்களில்கூட இடது முன் டயர் ஒரு பொட்டு முன்னாலேயே தேயும்.

காற்று விஷயத்தில்: கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவு குளிர்ந்த டயருக்கானது. 5.5 டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. கூடும். இந்த மே மாதத்தில் காலை 28 டிகிரி, மதியம் 40 டிகிரி என்றால், ஓடாமல் வெறுமனே நின்றாலே 2 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏறும். மதியம் ஹைவேயில் ஓட்டி வந்து, பங்கில் "அதிகமா இருக்கு சார்" என்று சொல்லி இறக்கிவிடுவார்கள். மறுநாள் காலையில் 4, 5 பி.எஸ்.ஐ. குறைவு. ஓரங்கள் தேய இதுவே போதும்.

ஆம்பூர்_ஆக்ஸில்
12-05-2024, மதியம் 12:40

நைட்ரஜன் அடிச்சா ஏறாதுன்னு சொல்றாங்களே.

பாலாறு_பைபாஸ்
12-05-2024, மதியம் 12:50

அதுவும் ஏறும். நாம் அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஈரம் இல்லை என்பது மட்டும் லாபம். நல்ல கேஜ் ஒன்று சொந்தமாக வாங்கினால் அதைவிட லாபம்.

காட்பாடி_கூபே
02-06-2024, இரவு 7:30

லிங்க் ரெண்டு பக்கமும் புதுசு, பின் டயர் ஜோடி புதுசு, எல்லா போல்ட்டும் நிக்கிற உயரத்துல இறுக்கியாச்சு. நாளைக்கு அலைன்மென்ட். என்ன நம்பர் கேட்கணும்? மெஷின்ல இருக்கிற பச்சை போதுமா?

டோ_மாஸ்டர்
02-06-2024, இரவு 8:30

பச்சைங்கிறது ஒரு எல்லை. ஒரு ஓரத்துல இடதும், மறு ஓரத்துல வலதும் நின்னாலும் பச்சைதான். வேணும்கிற நம்பரை எழுதி எடுத்துட்டுப் போங்க, ரோட்டுக்கு மட்டும்:

பின் கேம்பர் ரெண்டு பக்கமும் −1°30', வித்தியாசம் 15'க்குள்ளே. பின் டோ ஒவ்வொண்ணும் +6', மொத்தம் +12'. திரஸ்ட் பூஜ்யத்தைத் தொட்ட மாதிரி, 3'க்கு மேல வேண்டாம். முன் டோ ஒவ்வொண்ணும் +3'. இதெல்லாம் மேனுவல் எல்லைக்குள்ளே வருதான்னு மெஷின்ல ஒரு தடவை பார்த்துக்குங்க, மாடல் வருஷம் சரியாத் தேர்ந்தெடுத்திருக்காங்களான்னும் பாருங்க.

வரிசை மாறக்கூடாது. பின் கேம்பர், பின் டோ, அப்புறம்தான் முன்னாடி. கேம்பரைத் திருப்பினா டோ நகரும், அதனால கேம்பர் முதல்ல. பின்னாடி முடியாம முன்னாடி தொட்டா ஸ்டியரிங் மறுபடி கோணல்.

முன் டை ராட் திருப்பும்போது ரேக் பூட் (ஸ்டியரிங் ரேக் முனையில இருக்கிற ரப்பர் உறை) கிளிப்பைத் தளர்த்தச் சொல்லுங்க, இல்லாட்டி பூட் முறுக்கிக் கிழியும். லாக் நட் இறுக்கும்போது டை ராட் கூடச் சுத்தி 2, 3 நிமிஷம் போயிடும். இறுக்கின பிறகு வர்ற நம்பர்தான் நம்பர். கடைசியில ஸ்கேனர் போட்டு ஸ்டியரிங் ஆங்கிள் சென்சரைப் பூஜ்யம் பண்ணணும்.

ஆம்பூர்_ஆக்ஸில்
02-06-2024, இரவு 8:45

பின் சீட்டுல அண்டா பிரியாணி வச்சு ஓட்டுறவங்க அந்த எடையோட அலைன்மென்ட் பண்ணணுமா?

டோ_மாஸ்டர்
02-06-2024, இரவு 8:52

கேலியா கேட்டாலும் கேள்வி நல்ல கேள்வி. டேங்க் பாதிக்கு மேல இருக்கட்டும், டிக்கியில கிடக்கிற சாமானை இறக்கிடுங்க. எப்பவும் தனியா ஓட்டுறவர்னா டிரைவர் சீட்டுல ஒருத்தரை உட்கார வச்சு அளவு எடுக்கலாம். அண்டா அந்த சீட்டுல நுழையாது.

காட்பாடி_கூபே
03-06-2024, இரவு 9:00

பின் கேம்பர் −1°33' / −1°39'. பின் டோ +0°06' / +0°05'. திரஸ்ட் 0°00'. முன் டோ +0°03' / +0°03'. முன் கேம்பர் −0°42' / −0°48', கேம்பர் போல்ட் போடலை. கேம்பர் ஆர்ம் இல்லாமலே கேம் போல்ட்டுல வந்துடுச்சு.

டோ_மாஸ்டர்
03-06-2024, இரவு 9:20

கேம் வாஷர்லயிருந்து சப்-ஃபிரேம் வரைக்கும் மஞ்சள் பெயின்ட்ல ஒரு கோடு போட்டு வைங்க, நாலு போல்ட்டுக்கும். அடுத்த தடவை அடியில டார்ச் அடிச்சாலே நழுவியிருக்கான்னு தெரிஞ்சிடும், ரேம்ப் ஏத்த வேண்டாம். புது புஷ் கொஞ்சம் படியும், 1,000 கி.மீ.ல ஒரு தடவை அளவு மட்டும் பாருங்க.

காட்பாடி_கூபே
18-08-2024, காலை 10:10

2,800 கி.மீ. பெயின்ட் கோடு அப்படியே இருக்கு. பின் இடது 7.0 / 7.1 / 7.2, பின் வலது 7.1 / 7.1 / 7.2. ரம்பம் இல்லை. முன் ரெண்டும் வெளி ஓரம் இன்னும் வேகமாத்தான் இறங்குது, இடது 3.6. கேம்பர் போல்ட் இப்போ போடலாமா, புது டயரோட போடலாமா?

டோ_மாஸ்டர்
18-08-2024, காலை 10:40

புது டயரோட. தேஞ்ச டயருக்கு ஓரம் ஏற்கெனவே சாய்வாயிடுச்சு, இப்போ கேம்பர் மாத்தினா மேடா நிக்கிற உள்பக்கம் மட்டும் தரையைத் தொடும், பிரேக் பிடிப்பு குறையும். போல்ட் போட்ட பிறகு முன் டோ கண்டிப்பா மறுபடி செட் பண்ணணும், கேம்பர் திருப்பினா டோ எங்கேயோ போயிருக்கும்.

அதுவரைக்கும் ஏலகிரிக்கு முன் காத்தை ஸ்டிக்கர் அளவுல இருந்து 2 பி.எஸ்.ஐ. கூட்டிக்கங்க. காலையில, டயர் சூடாகறதுக்கு முன்னாடி.